பழைய அடையாள அட்டை பிரஜாவுரிமை ஆகாது: கொழும்பு செல்வோர் கவனத்துக்கு

வெளிநாட்டில் குடியேறி, காணி, வங்கி அலுவலாகக் கொழும்பில் இறங்கும் நம்மவர்கள் பலர் ஒரே இடத்தில்தான் இடறுகிறார்கள். பழைய தேசிய அடையாள அட்டை கையில் இருக்கிறது, ஆகவே நான் இன்னும் இலங்கைப் பிரஜைதான் என்ற நினைப்பு. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டப்படி, நீங்களாக விரும்பி வேறு நாட்டுப் பிரஜாவுரிமை எடுத்ததுமே இலங்கைப் பிரஜாவுரிமை அற்றுப்போகிறது. அதற்கென்று கடிதம் வராது, அட்டையையும் யாரும் வாங்கிவைக்க மாட்டார்கள். அதனால்தான் தெரியாமலே போய்விடுகிறது.

இது எங்கே கடிக்கும் என்றால், வெள்ளவத்தையில் வீடு வாங்கும்போது. 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் வெளிநாட்டவர் பெயருக்குக் காணி மாற்றுவதைத் தடுக்கிறது. தொடர்மாடியில் நாலாம் மாடியிலோ அதற்கு மேலோ உள்ள வீட்டை வாங்கலாம். ஆனால் உறுதி எழுதுமுன் முழுப் பணமும் வெளிநாட்டிலிருந்து வங்கி வழியாக வந்திருக்க வேண்டும். பழைய அட்டை இலக்கத்தைக் கொடுத்து இரண்டாம் மாடி வீட்டுக்கு உறுதி முடித்தால், அது சட்டத்தில் செல்லாது. அன்றைக்கு ஒன்றும் தெரியாது. பத்து வருடம் கழித்து விற்கப் போகும்போது, வாங்க வருகிறவரின் சட்டத்தரணி கண்டுபிடிப்பார். இலங்கைப் பிரஜாவுரிமையும் சேர்த்து வைத்திருக்கும் இரட்டைப் பிரஜைக்கு இந்தத் தடை இல்லை. பிரஜையாக இருந்தபோது வாங்கிய காணியும் உங்களுடையதுதான்.

இரட்டைப் பிரஜாவுரிமைக்கு 1987இல் வழி திறந்தது. இழந்தவர் மீளப் பெறுவது பிரஜாவுரிமைச் சட்டத்தின் 19(2)ஆம் பிரிவு. இனிமேல்தான் வேறு நாட்டுப் பிரஜாவுரிமை எடுக்கப் போகிறவர் இருப்பதைத் தக்கவைப்பது 19(3); அதற்கு எடுக்கும் முன்பே விண்ணப்பிக்க வேண்டும். நீங்கள் வாழும் நாட்டு இலங்கைத் தூதரகத்திலோ பத்தரமுல்லையில் குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்திலோ கொடுக்கலாம். மூன்று கிழமை லீவுக்குள் முடிகிற காரியமல்ல.

மற்ற நாடு விடுமா என்று முதலில் பாருங்கள். டென்மார்க் 2015 செப்டம்பர் 1 முதலும், நோர்வே 2020 ஜனவரி 1 முதலும், ஜெர்மனி 2024 ஜூன் 27 முதலும் அனுமதிக்கின்றன. இந்தியா அனுமதிப்பதில்லை.

விண்ணப்பத்தை அதிகம் இழுத்தடிப்பது பெயர்தான். பிறப்புச் சான்றிதழில் உங்கள் பெயர் ஒரு கட்டத்தில், தகப்பன் பெயர் வேறு கட்டத்தில் இருக்கும். வெளிநாட்டுக் கடவுச்சீட்டில் தகப்பன் பெயர் குடும்பப் பெயராக ஏறியிருக்கும், போதாக்குறைக்கு ஆங்கிலத்தில் ஒரு ‘எச்’ கூடவோ குறையவோ. இரண்டும் ஒரே ஆள்தான் என்று சத்தியக்கடதாசி முடித்துக்கொண்டே போங்கள்.

இரட்டைப் பிரஜைகள் இரட்டைப் பிரஜாவுரிமைச் சான்றிதழைப் பயணத்தில் கையோடு வைத்திருங்கள். எந்தக் கடவுச்சீட்டில் கட்டுநாயக்க விமான நிலையத்தில் நுழைந்தீர்களோ அதிலேயே வெளியேறுங்கள். வாக்காளர் இடாப்பில் பெயர் இருந்தால் வாக்களிக்கலாம். 2022ஆம் ஆண்டின் 21ஆம் திருத்தப்படி பாராளுமன்றத்துக்குப் போட்டியிட முடியாது.

ஒன்றை மட்டும் மனதில் ஆழப் பதித்துக்கொள்ளுங்கள். இரட்டைப் பிரஜையானால், இலங்கை மண்ணில் நீங்கள் முதலில் இலங்கைப் பிரஜை. ஒருவர் எந்த நாட்டுக்குப் பிரஜையோ, அந்த நாட்டுக்கு எதிராக அவரது மற்ற நாடு தூதரகப் பாதுகாப்புக் கொடுக்க முடியாது என்கிறது 1930ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கை. பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் கைதானால், கைது செய்தவர்கள் 48 மணித்தியாலத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு அறிவிக்க வேண்டும். ஆணைக்குழுவின் அவசர இலக்கம் 1996; வீட்டாரிடமும் கொடுத்து வையுங்கள். சிங்களத்தில் எழுதிய வாக்குமூலத்தை வாசித்து விளங்காமல் கையொப்பமிடாதீர்கள், தமிழில் கேளுங்கள். தமிழும் அரசகரும மொழி.