ராமநாதபுரம் கரைக்கு வரும் நம்மவர்களுக்கு: அரிசியை அடுக்குமுன் குடத்தை அடுக்குங்கள்

"நாங்கள் காணாத தட்டுப்பாடா?" என்ற பேச்சை ஊரிலேயே விட்டுவிட்டு வாருங்கள். நானும் அதைச் சொல்லிக்கொண்டுதான் 2019இல் இலங்கையிலிருந்து அம்மா, கணவர், இரண்டு பிள்ளைகளோடு ராமேஸ்வரம் தீவின் தங்கச்சிமடத்தில் வந்து இறங்கினேன். அம்மாவின் தம்பி குடும்பம் 1990இல் இந்தக் கரைக்கு வந்தது. கடைசிக் காலத்தில் தம்பியின் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று அம்மா ஒற்றைக்காலில் நின்றார். அதனால் வந்தோம்.

இங்கு ஒரு மாரிக்காலத்தில் என் மகனை ஆஸ்பத்திரிக் கட்டிலில் பார்க்க நேர்ந்தது. அந்த அனுபவம் இனி எவருக்கும் வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். யாழ்ப்பாணம், கிளிநொச்சி, வவுனியா என்று எங்கிருந்து வந்தாலும் நெருக்கடிக்குப் பொருள் சேர்ப்பது நம் கைகளுக்குத் தெரியும். அது யாரும் சொல்லித் தர வேண்டிய வித்தையல்ல. 1990இல் பொருளாதாரத் தடை வந்தபோது எனக்கு ஒன்பது வயது. மண்ணெண்ணெய் இல்லை, பற்றரி இல்லை, சவுக்காரம் இல்லை. ஜாம் போத்தலின் அடியில் கொஞ்சம் பஞ்சு, சில துளி எண்ணெய், ஒரு திரி. அந்த வெளிச்சத்தில்தான் படித்தேன். சைக்கிளைக் கவிழ்த்து, மிதிகட்டையைக் கையால் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்டோம். 2022இல் எரிவாயுவுக்கும் பால்மாவுக்கும் வரிசையில் நின்ற உங்களுக்கும் இதெல்லாம் புதிதல்ல. அந்த அனுபவத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அதற்குள்ளேயே ஒரு பொறி இருக்கிறது. அதைச் சொல்லும் முன் தாள் வேலைகளை விரைவாக முடித்துவிடுகிறேன்.

கடல் வழியாக வந்தவர்களைக் கடலோரப் பாதுகாப்புப் போலீசார் விசாரித்து மண்டபம் முகாமுக்கு அனுப்புவார்கள். அங்கே பதிவும் மற்றவையும் ஒன்றன்பின் ஒன்றாக நடக்கும். விசாவில் வந்து வாடகை வீடு எடுப்பவர்களுக்கு வேறு வழி. வெளிநாட்டவர் தங்குவதை அரசுக்குத் தெரிவிக்கும் படிவத்தை வீட்டுக்காரர் 24 மணி நேரத்துக்குள் பதிய வேண்டும். அவர் மறந்தால் நீங்கள் நினைவூட்டுங்கள், பிறகு அலைவது நீங்கள்தான். முகவரிச் சான்று இல்லாமல் வீட்டு எரிவாயு இணைப்புக்கு அலைவதைவிட, அடையாளச் சான்றை மட்டும் காட்டி வாங்கக்கூடிய 5 கிலோ சிலிண்டரோடு தொடங்குங்கள். மண்ணெண்ணெயை நினைத்த நேரத்தில் வாங்கிச் சேர்க்கலாம் என்று எண்ண வேண்டாம். விறகுக்குக் குறைவில்லை. இந்த மாவட்டம் முழுக்கச் சீமைக்கருவேலம் நிற்கிறது, நின்று எரியும். மழை தொடங்குமுன் வாங்கிக் கூரைக்குக் கீழே அடுக்கிவிடுங்கள், நனைந்தால் புகைதான் மிஞ்சும். கடையில் சவுக்காரம் என்று கேட்டால் விழிப்பார்கள், சோப்பு என்று கேளுங்கள். சீனி இங்கேயும் சீனிதான். முதல் நாள் அந்தச் சொல்லைக் கேட்டபோது எனக்கு ஊரில் நிற்பது போலிருந்தது.

உணவுப் பொருளில் நான் தோற்கவில்லை. அதைப் பெருமையாகவே சொல்கிறேன். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது எங்கள் தெருவில் பதறாத வீடு எங்களுடையதுதான். ஐந்து பேருக்கு நாளொன்றுக்கு இரண்டு கிலோ அரிசி என்று வைத்து, முப்பது கிலோ புழுங்கல் அரிசி எப்போதும் கையிருப்பில் இருந்தது. நன்றாக வெயிலில் காயவைத்து, வேப்பிலையும் வசம்பும் போட்டு, தரையில் படாமல் பலகைமேல் ஏற்றிய மூட்டைகள். பருப்பு, பயறு, புளி, கருப்பட்டி எல்லாம் தனித்தனி டப்பாவில் இருந்தன. இந்த ஊர்க் குண்டு மிளகாயைப் பற்றி ஒரு சொல். உருண்டையாக இருக்கிறதே என்று தயங்காதீர்கள், காரமும் மணமும் உண்டு. 2023இல் புவிசார் குறியீடும் வாங்கிவிட்டது. காம்போடு காயவைத்து வாங்கினால் மாரி முடியும்வரை தாங்கும். கருவாட்டைத் தடைக்காலத்துக்குமுன் வாங்குங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. அந்த இரண்டு மாதமும் மீனும் குறைவு, மீனவர் வீடுகளில் பணமும் குறைவு. மழைக்காலத்தில் கருவாடு ஈரத்தை இழுத்துப் பூசணம் பிடிக்கும். ஓலைப்பெட்டியில் வைத்து அடுப்புக்கு மேலே கட்டித் தொங்கவிடுங்கள், புகை பார்த்துக்கொள்ளும்.

ஊரடங்கில் பக்கத்து வீடுகளுக்குப் பருப்பு அளந்து கொடுத்தேன். மாமா நாலு பேரிடம் என் அக்காள் மகளைப் பாருங்கள் என்று சொல்லித் திரிந்தார். அந்தப் பெருமைதான் டிசம்பரில் என் கண்ணை மறைத்தது.

நம் ஊரில் நெருக்கடிக்கு என்னென்ன சேர்ப்போம் என்று ஒரு தடவை மனதுக்குள் பட்டியல் போட்டுப் பாருங்கள். அரிசி, மா, எண்ணெய், தீப்பெட்டி, மருந்து. தண்ணீர் வருகிறதா? வராது. யாழ்ப்பாணத்தில் ஆண்டு முழுக்க ஓடும் ஆறு கிடையாது, ஆனால் வளவுக்கு வளவு கிணறு உண்டு. மாரி மழை சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கி அந்தக் கிணறுகளில் ஊறுகிறது. மின்சாரமே இல்லாத காலத்திலும் துலாவும் பட்டையும் இருந்தன, கயிறும் வாளியும் இருந்தன. ஷெல் விழுந்த நாளிலும் கிணற்றுக் கட்டில் நின்று குளித்தோம். தண்ணீரைச் சேர்த்து வைக்க வேண்டும் என்ற எண்ணமே நமக்குள் வளரவில்லை.

இந்தக் கரை அப்படியல்ல. நிலத்தைத் தோண்டினால் பல இடங்களில் உப்புநீர்தான். உள்ளே போனால் ஊருணியும் கண்மாயும் மழையை நம்பிக் கிடக்கின்றன. தீவில் மணற்பாங்கான இடங்களில் ஊற்றுத் தோண்டிச் சிரட்டையால் அள்ளினால் நல்ல தண்ணீர் வரும். தனுஷ்கோடியில் கடலுக்குப் பக்கத்திலேயே அப்படி அள்ளுவதைப் பார்த்து வாயடைத்துப் போனேன். ஆனால் கடல் ஒருமுறை ஏறிவிட்டால் அந்த ஊற்றும் கெட்டுவிடும். மற்றபடி காவிரிக் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் குழாய்தான். எங்கோ திருச்சிப் பக்கத்து ஆற்றிலிருந்து வரும் தண்ணீர், எங்கள் தெருவுக்குச் சில நாளுக்கு ஒருமுறை வந்தது. தள்ளுவண்டியில் ஏழெட்டுக் குடங்களை அடுக்கிக்கொண்டு பெண்கள் போவதை இந்த மாவட்டம் முழுவதும் பார்ப்பீர்கள். நான் அதைத் தினமும் பார்த்தேன். பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை.

எங்கள் வாடகை வீட்டில் தரைத்தொட்டி இருந்தது. வீட்டுக்காரர் மூடியைத் திறந்து காட்டி, ஐயாயிரம் லிட்டர் பிடிக்கும், கவலையே வேண்டாம் என்றார். குழாய்த் தண்ணீர் அதில் விழும், மோட்டார் அதை மாடித் தொட்டிக்கு ஏற்றும். ஐயாயிரம் லிட்டர் என்ற எண் போதுமானதாக இருந்தது. சேர்த்து வைக்கும் வேலை முடிந்தது என்று நினைத்துவிட்டேன்.

2020 டிசம்பர் 2ஆம் தேதி இரவு புரெவிப் புயல் திருகோணமலைப் பக்கம் கரையேறியது. ஊரிலிருந்து சித்தி தொலைபேசியில், இங்கே காற்று ஓய்ந்துவிட்டது, உங்கள் பக்கம்தான் வருகிறது என்றார். வன்னியைக் கடந்து, மன்னார் வளைகுடாவில் இறங்கி, இங்கே வந்தது. வலுவிழந்த பிறகாவது போயிருக்க வேண்டும், போகவில்லை. ராமநாதபுரம் கரைக்குப் பக்கத்திலேயே நாட்கணக்கில் நகராமல் நின்று பெய்தது. எங்கள் தெருவில் முதல் நாளே மின்சாரம் போயிற்று. மோட்டார் ஓடவில்லை. மாடித் தொட்டியில் இருந்ததை வழக்கம்போலக் குளிக்கவும் துவைக்கவும் செலவழித்தோம், இரண்டாம் நாள் மாலை அது காலி. பரவாயில்லை, கீழே இருக்கிறதே என்று தரைத்தொட்டியில் வாளியை விட்டேன்.

அந்தத் தண்ணீரில் போட்ட தேத்தண்ணி திரிந்துபோயிற்று. பால் பழையது என்று நினைத்தேன். பருப்பை அடுப்பில் ஏற்றினேன், ஒன்றரை மணி நேரமாகியும் கல்லாகவே கிடந்தது. பருப்பு மட்டமானது என்று கடைக்காரரைத் திட்டினேன். இந்த இரண்டு அடையாளங்களையும் மறக்காதீர்கள். பால் திரிந்து, பருப்பு வேகாமல் கிடந்தால் தண்ணீரில் உப்பு ஏறிவிட்டது. தரைத்தொட்டியின் மூடி தரைமட்டத்தில் இருந்தது. முற்றத்தில் முழங்கால் அளவு நின்ற வெள்ளம் மூடியின் விளிம்பு வழியாக உள்ளே போயிருந்தது. வெள்ளத்தோடு கடல் நீரும், பக்கத்துக் கழிவுநீர்த் தொட்டியின் நீரும் கலந்திருந்தன. ஐயாயிரம் லிட்டரும் ஒரே இரவில் பாழ்.

கொதிக்க வைத்துக் குடித்தோம். அதிலும் பிழை. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், உப்பு போகாது, நீர் வற்றும்போது உப்பு இன்னும் கூடும். பிள்ளைகள் தாகத்தில் வாளியிலிருந்து நேராகவே குடித்திருக்கிறார்கள். அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. மூன்றாம் நாள் சின்னவனுக்கு வயிற்றோட்டம், வாந்தி. ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஆறு தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு, இரண்டையும் தலைதட்டி அளந்து கரைக்க வேண்டும் என்று எனக்கு மனப்பாடம். ஆனால் ஏற்கெனவே உப்பு ஏறிய தண்ணீரில் அந்தக் கணக்கு நிற்காது. முப்பது கிலோ அரிசி பலகைமேல் பத்திரமாக இருந்தது. பிள்ளைக்கு மருந்து கரைக்க ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் வீட்டில் இல்லை.

எதிர்வீட்டு அக்கா மழையில் நனைந்துகொண்டு மூன்று குடம் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். அவர் வீட்டு ஆண்கள் கடலுக்குப் போகிறவர்கள். "என்ன தங்கச்சி, மூட்டை அடுக்கத் தெரிந்த உனக்குக் குடம் அடுக்கத் தெரியவில்லையா?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, வருத்தமாகக் கேட்டார். மகன் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருந்தான். பிழைத்தான்.

வீட்டுக்கு வந்ததும் அந்த அக்காவின் சமையல் கட்டைப் போய்ப் பார்த்தேன். சுவரோரம் பதினாறு பிளாஸ்டிக் குடங்கள், ஒவ்வொன்றின் வாயிலும் வெள்ளைத் துணி, அதன்மேல் தட்டு. அன்றிலிருந்து அவர் செய்வதையே செய்கிறேன், கணக்கை மட்டும் நானாகப் போட்டுக்கொண்டேன். குடிக்கவும் சமைக்கவும் ஒருவருக்கு நாளொன்றுக்கு நான்கு லிட்டர். ஐந்து பேருக்கு இருபது, பத்து நாளுக்கு இருநூறு. ஒரு குடம் பதினைந்து லிட்டர் என்றால் பதினான்கு குடம். இதில் குளிப்பதும் துவைப்பதும் சேராது, அதற்கு உப்புக் கிணறு போதும். பத்து நாள் அதிகம் என்று கணவர் சொன்னார். 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தபோது பாம்பன் பாலமும் உடைந்தது, சீர்செய்ய 46 நாள் ஆயிற்று என்று மாமா அவருக்குச் சொன்னார். இப்போது சாலைப் பாலமும் புதிய ரயில் பாலமும் இருந்தாலும், தீவுக்கு எது வந்தாலும் அந்த ஒரு வாய்க்காலைத் தாண்டித்தான் வர வேண்டும். 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. அன்றும் முற்றம் குளமாயிற்று. எங்கள் குடங்கள் உள்ளே, திண்ணை உயரத்தில், காய்ந்த இடத்தில் இருந்தன.

தரைத்தொட்டி உள்ள வீட்டை எடுப்பவர்கள் மூடி தரையிலிருந்து எவ்வளவு உயரம், கழிவுநீர்த் தொட்டி எவ்வளவு தூரம் என்று முன்பணம் கொடுக்குமுன் பாருங்கள். ஒரு முழ உயரத்துக்காவது கட்டு எழுப்பித் தராவிட்டால் அந்தத் தொட்டியைக் குடிநீர்க் கணக்கில் சேர்க்காதீர்கள். பாம்பனில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றிய செய்தி வந்தவுடன், மின்சாரம் இருக்கும்போதே மாடித் தொட்டியை நிரப்பி, மூடியைக் கயிற்றால் கட்டி, அதைக் குளிக்கத் திறக்காதீர்கள். குளோரின் மாத்திரை மருந்துக் கடையில் கிடைக்கும். அட்டையில் உள்ள அளவுக்குப் போட்டு அரை மணி நேரம் விடுங்கள். கலங்கல் தண்ணீருக்கு அம்மா தேற்றாங்கொட்டை உரைப்பார். தண்ணீர் தெளியும், ஆனால் கிருமி சாகாது, அதன்பிறகும் கொதிக்க வைக்க வேண்டும். அவசரத்துக்கு மாவட்ட எண் 1077, மாநில எண் 1070. இரண்டையும் சுவரில் எழுதுங்கள், கைபேசி அணைந்தாலும் சுவர் இருக்கும்.

ஐப்பசி பிறந்ததும் வாரம் ஒருமுறை குடங்களைக் கழுவி மாற்றுகிறேன். பழைய தண்ணீர் கறிவேப்பிலைக் கன்றுக்குப் போகிறது. அம்மா திண்ணையில் அமர்ந்து குடங்களை எண்ணுவார். பதினான்கு என்று நான் சொன்னாலும் இன்னொரு தடவை எண்ணுவார். பிறகு சித்தியைத் தொலைபேசியில் அழைத்து, நம் கிணற்றில் தண்ணீர் எந்தப் படிவரை ஏறியிருக்கிறது என்று கேட்பார்.