குடியேறியோர் வாக்கு எந்தக் கட்சிக்கு? கனடாத் தொகுதியைக் கணிக்கும் முறை

2021 கணக்கெடுப்பின்படி கனடா மக்களில் 23 சதவீதம் பேர் வெளிநாட்டிலிருந்து குடியேறியவர்கள். இந்த ஒற்றை எண்ணை வைத்து எந்தக் கட்சி வளரும், எது தேயும் என்று சொல்லக் கிளம்பினால் கணக்கு தப்பும். தொகுதி அளவில் போட்டால்தான் பிடிபடும்.

கனடா புள்ளிவிவரத் துறை தொகுதி வாரியாக விவரம் தருகிறது. அதில் ‘18 வயது நிரம்பிய கனடியக் குடிமக்கள்’ என்ற வரியைத் தேடுங்கள். மத்திய தேர்தலில் அவர்களுக்கு மட்டுமே ஓட்டு. 2025இல் தொகுதிகள் 338இலிருந்து 343 ஆகி, எல்லைகளும் மாறின. அதனால் ஒப்பிடுவதற்கு, புதிய எல்லைக்கு மாற்றிக் கணக்கிட்டுத் தேர்தல் அலுவலகம் வெளியிட்ட 2021 முடிவுகளை எடுங்கள்.

அடுத்தது காலம். பிஆர் (நிரந்தர வதிவிட உரிமை) பெற்றவர், விண்ணப்பத்துக்கு முந்தைய ஐந்து ஆண்டுகளில் 1,095 நாள் கனடாவில் இருந்திருந்தால்தான் குடியுரிமை கேட்க முடியும். மனு நகரும் காலத்தையும் சேர்த்து, வந்தவர்களை நாலைந்து ஆண்டு தள்ளியே வாக்காளராக எண்ணுங்கள். 2025க்கான பிஆர் இலக்கை 5,00,000இலிருந்து 3,95,000 ஆகக் குறைத்தார்களே, அது வாக்குச்சாவடியில் தெரிய 2029 அல்லது 2030 ஆகிவிடும்.

ஆனால் கட்சிக்குள் நுழையக் குடியுரிமை தேவையில்லை. பலர் கோட்டைவிடும் இடம் இது. லிபரல், கன்சர்வேடிவ் என்ற இரு பெரிய கட்சிகளிலும் 14 வயது நிரம்பிய பிஆர்காரர் உறுப்பினராகி, வேட்பாளர் தேர்வில் ஓட்டுப் போடலாம். ஒரே கட்சி எப்போதும் ஜெயிக்கும் தொகுதியில், அதிக உறுப்பினர்களைச் சேர்த்துக் கூட்டி வருபவர்தான் நடைமுறையில் எம்.பி. குடியேற்றம் கட்சியின் முகத்தை முதலில் மாற்றுவது இங்கேதான்.

இனி கணக்கு. ஒரு பேச்சுக்கு, தொகுதியில் குடியேறி வாக்குரிமை பெற்றவர்கள் 36,000 பேர், அவர்களில் 55 சதவீதம் வாக்களிக்கிறார்கள் என்று வைப்போம்: 19,800 வாக்கு. அதில் 8 சதவீதம், அதாவது 1,584 வாக்கு ஒரு கட்சியை விட்டு எதிர்க்கட்சிக்குத் தாவினால் இடைவெளி 3,168 மாறும். ஒரு பக்கம் குறைவதே மறுபக்கம் கூடுகிறது. கடந்த முறை வித்தியாசம் 3,000 என்றால் தொகுதி கைமாறிவிடும். வாக்குப்பதிவை 45, 55, 65 என மூன்று விதமாகப் போட்டுப் பாருங்கள்.

எத்தனை சதவீதம் தாவும் என்பதற்குப் பழைய தேர்தல்களைத்தான் பார்க்க வேண்டும். டொராண்டோவை ஒட்டிய பிராம்ப்டன் நகரை 2011இல் கன்சர்வேடிவ் வாரிக்கொண்டது; அக்கட்சியின் நிகாப் (முஸ்லிம் பெண்களின் முகத்திரை) தடை பிரசாரத்துக்குப் பின் அந்நகர் 2015இல் ஐந்து தொகுதிகளையும் லிபரலுக்குக் கொடுத்தது. 2025இல் பிராம்ப்டன் மேற்கு, பதவியிலிருந்த அமைச்சரையே தோற்கடித்து மறுபடி கன்சர்வேடிவ் பக்கம் போனது. டொராண்டோவில் தமிழர் நிறைந்த ஸ்கார்பரோ கிழக்குப் பகுதி 2011இல் என்டிபி (புதிய ஜனநாயகக் கட்சி) சார்பில் ராதிகா சிற்சபைஈசனையும், 2015இல் லிபரலின் கரி ஆனந்தசங்கரியையும் அனுப்பியது. ‘நம்ம ஆள்’ என்பதற்கு மதிப்புண்டு, கட்சிக்கு அடிமைச் சாசனம் எவரும் எழுதித் தரவில்லை.

சாவடி வாரியாகப் பார்க்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். முன்கூட்டிய வாக்குகளைப் பல சாவடிப் பகுதிகளுக்குச் சேர்த்தே வெளியிடுவார்கள். தேர்தல் நாள் வாக்கை மட்டும் வைத்து ஒரு தெருவின் மனநிலையைச் சொன்னால், முன்பே போட்டவர்கள் அத்தனை பேரும் கணக்கில் விடுபட்டிருப்பார்கள்.