வயிற்றைக் காலியாக வைத்துக்கொண்டு விருந்துக்குக் கிளம்பாதீர்கள்

போன தீபாவளிக்கு, பினாங்குத் தீவில் ஜெலுத்தோங்கில் இருக்கும் அக்கா வீட்டுப் பந்தியில் அக்கா மகன் என் பக்கத்தில் உட்கார்ந்தான். அவனுக்கு இனிப்பு நீர் (நீரிழிவு) என்று தெரிந்து எட்டு மாதம்தான் ஆகிறது. எனக்கு 19 வருஷம். பிரியாணி இலைக்கு வருவதற்கு முன்பே அவன் முகத்தில் ஒரு வெற்றிக்களை.

"காலையிலேர்ந்து பச்சைத் தண்ணிதான் மாமா. மத்தியானத்துக்குச் சேர்த்து வச்சிருக்கேன்."

"மாத்திரை?"

"அதெல்லாம் ஏழு மணிக்கே போட்டாச்சு."

எனக்குப் பகீர் என்றது. நான் செய்த அதே முட்டாள்தனம், அதே பெருமையோடு. 2019-இல் எடுத்த தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடம் அதைவிட அதிகம். எந்தத் திறந்த இல்ல உபசரிப்புக்குப் போனாலும் இப்படிக் கணக்குப் போட்டுக்கொண்டு வந்தவர் ஒருவராவது இருப்பார். லட்டைக் குறை, ரோஸ் சிரப்பைத் தொடாதே, பாலும் சர்க்கரையும் இல்லாத தே ஓ கோசோங் கேள் என்றெல்லாம் சொல்ல வீட்டுக்கு வீடு ஆள் உண்டு. அதை விட்டுவிடுகிறேன்.

மாத்திரை உள்ளே, சாப்பாடு இல்லை

எனக்கு நோய் வந்த மூன்றாவது வருஷம். தீவுக்கு எதிர்க்கரையான பட்டர்வொர்த்தில் எண்ணெய்க் குளியல், சாமி கும்பிட்டாயிற்று, கிளிக்கிளாசைட் மாத்திரை போட்டாயிற்று. இட்லியை மட்டும் தள்ளிவிட்டேன். அக்கா வீட்டு ஆட்டுக்கறிக்கு வயிற்றில் இடம் வேண்டுமே! பதினொரு மணிக்குப் பினாங்குப் பாலத்தில் கார் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். அது 13.5 கிலோமீட்டர், நினைத்த இடத்தில் நிறுத்தக்கூடிய சாலை அல்ல. சட்டை முதுகோடு ஒட்டுகிறது. ஏர்கோனைக் கூட்டினேன். மனைவி ஏதோ கேட்டதற்கு எரிந்து விழுந்தேன். தீவுப் பக்கம் இறங்கியதும் வலது பக்கம் ஜோர்ஜ்டவுனுக்குத் திரும்ப வேண்டியவன், எதற்கென்றே தெரியாமல் இடது பக்கம் பாயான் லெப்பாஸுக்குப் போய்க்கொண்டிருந்தேன். இத்தனை வருஷம் போய் வந்த வழி! அப்புறம் காரின் இடது பக்கம் தடுப்புக் கம்பியில் உரசிய சத்தம். பழுதுபார்க்க 1,400 ரிங்கிட். ஓரத்தில் யாரும் நிற்காதது நாங்கள் செய்த புண்ணியம்.

நடந்தது இதுதான். கிளிக்கிளாசைட் கணையத்தைத் தட்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும் மாத்திரை. சாப்பாடு வந்ததா என்று அது பார்த்துக்கொண்டிருக்காது. இருக்கிற சர்க்கரையை இறக்கிவிடும். மெட்ஃபோர்மின் என்ற மாத்திரை மட்டும் போடுகிறவர்களுக்கு இப்படி விழுவது அரிது. ஆகவே உங்கள் மாத்திரை எந்த வகை என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். அக்கா மகனிடம் கேட்டேன். "வெள்ளை மாத்திரை மாமா" என்றான். இதற்குத்தான் எனக்குக் கோபம் வரும்.

வியர்வை, நடுக்கம், படபடப்பு, காரணமில்லாத சிடுசிடுப்பு: இந்த நான்கும் பசி அல்ல. விரலைக் குத்திப் பாருங்கள். மலேசிய மீட்டரில் (mmol/L) 4-க்குக் கீழே போனால் தாழ்வு. (mg/dL காட்டும் தமிழ்நாட்டு மீட்டர் வைத்திருப்பவர்கள் 18-ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள்.) அன்று எனக்கு 2.7.

மலாய் நண்பர்களைப் பார்க்கிறேன். நோன்பு மாதம் வருவதற்கு முன்பே அரசாங்க கிளினிக்கில் கேட்டு, மாத்திரையின் நேரத்தையும் அளவையும் மாற்றிக்கொள்கிறார்கள். நம்மவர்களோ தீபாவளி முடிந்த கையோடு கந்தசஷ்டி விரதம், அப்புறம் தைப்பூச விரதம் என்று வரிசையாகப் பிடிப்பார்கள். டாக்டரிடம் ஒரு வார்த்தை? கிடையாது. கேட்டால் திட்டுவாராம். திட்டட்டுமே!

விருந்து நாளில் நான் இப்போது செய்வது இதுதான். காலையில் வழக்கமான நேரத்துக்கு இரண்டு இட்லி, அதோடு மாத்திரை. மத்தியானம் சோறு ஒரு கைப்பிடி, கறி தாராளமாக. அக்காவுக்கு இன்னும் வருத்தம்தான்.

தாழ்ந்த நேரத்தில் நெய் உருண்டை

அன்று இன்னொரு தவறும் செய்தோம். அக்காவுக்குக் கொண்டுபோன டின்னைத் திறந்து மனைவி இரண்டு நெய் உருண்டை கொடுத்தாள். இனிப்புதானே என்று நினைத்தோம். கால் மணி நேரம் கழித்து 2.9. நெய்யும் சேர்ந்து போனால் சர்க்கரை ரத்தத்துக்கு மெதுவாகத்தான் வந்து சேரும். சாக்லேட்டும் அப்படியே. தேவை வெறும் சர்க்கரை: மூன்று தேக்கரண்டி தண்ணீரில் கலக்கிக் குடிக்கலாம், அல்லது சர்க்கரை போட்ட பெட்டி பானம் அரை கிளாஸ் அளவு. 15 நிமிடம் கழித்து மறுபடி குத்திப் பாருங்கள். ஏறவில்லை என்றால் இன்னொரு முறை. ஏறியதும் சோறோ ரொட்டியோ சாப்பிட்டாக வேண்டும், ஏனென்றால் நாள் முழுக்க வேலை செய்கிற வகை கிளிக்கிளாசைட் என்றால் சில மணி நேரத்தில் மறுபடி இழுத்துவிடும். மயங்கிக் கிடப்பவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றாதீர்கள், 999-ஐ அழையுங்கள்.

பெட்ரோல் நிலையத்தில் வாங்கிய கிரிஸாந்தமம் தேநீர்ப் பெட்டிதான் அன்று என்னைத் தூக்கி உட்கார வைத்தது. அன்றிலிருந்து காரில் இரண்டு பெட்டி எப்போதும் இருக்கும். பேரப்பிள்ளைகள் கண்ணில் படாத இடத்தில்.

நாட்டுச் சர்க்கரை, குலா மெலாக்கா (தென்னை வெல்லம்)

சர்க்கரைதான்.

விருந்துக்காக ஒரு மாத்திரை கூடுதலாக

போடாதீர்கள்.

கழுவாத விரல்

சீனப் பெருநாளுக்குப் பக்கத்து வீட்டில் கொடுத்த மாண்டரின் ஆரஞ்சை உரித்த கையோடு குத்திப் பார்த்தேன்: 16.8. மனைவி பதறிப்போய் எனக்குப் போட இன்சுலின் ஊசியைக் கையில் எடுத்துவிட்டாள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டுக் குத்தினால் 8.1. விரலில் ஒட்டிய பழச்சாற்றைத்தான் மீட்டர் அளந்திருக்கிறது. முதல் எண்ணை நம்பி ஊசி போட்டிருந்தால் மறுபடி பாலத்துக் கதைதான்.

காருக்குள் இன்சுலின்

ஊருக்குப் போகும் வழியில், ஓய்விடத்தில் சாப்பிட இறங்கும்போது பையைக் காரில் விட்டுப் போகிறவர்களைப் பார்க்கிறேன். பயன்படுத்திக்கொண்டிருக்கும் இன்சுலின் ஊசிப் பேனாவை 30 டிகிரிக்குக் கீழே வைக்க வேண்டும். நம் வெயிலில் பூட்டிய கார் அதை எப்போதோ தாண்டியிருக்கும். கெட்ட இன்சுலின் பார்வைக்கு நல்லதாகவே தெரியலாம். கையோடு கொண்டு போங்கள். ஐஸ் கட்டியோடும் ஒட்டி வைக்காதீர்கள், உறைந்தாலும் போச்சு.

தண்ணீர்மலைக்கு வெறுங்காலோடு

தைப்பூசத்துக்கு முந்தின நாள், பினாங்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு இரதம் வரும் பாதையெல்லாம் ஆயிரக்கணக்கில் தேங்காய் உடைப்பார்கள். சாலை முழுக்க ஓட்டுச் சில்லு, பத்து மணிக்கு மேல் கொதிக்கும் தார். பாதத்தில் உணர்ச்சி குறைந்தவருக்குச் சில்லு ஏறியதும் தெரியாது, தோல் வெந்ததும் தெரியாது. நேர்த்திக்கடனுக்கு வெறுங்காலோடுதான் போவேன் என்பவர்களோடு நான் வாதாடுவதில்லை. வருஷத்துக்கு ஒரு முறை செய்கிற கால் பரிசோதனையில் உணர்ச்சி இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போங்கள்.

நான் இப்போது மலையடிவாரம் வரை செருப்போடுதான். வீட்டுக்கு வந்ததும் காலைக் கழுவி, நாற்காலியில் நீட்டிக்கொள்வேன். மனைவி டார்ச் அடித்து விரல் இடுக்கு இடுக்காகப் பார்ப்பாள். போன வருஷம் குதிகாலில் ஒரு சில்லு இருந்தது. எனக்குத் தெரியவே இல்லை.