குடும்பப் படகுத் தொழிலைப் பிள்ளைகளிடம் ஒப்படைப்பது எப்படி?

பினாங்கின் தெலுக் பஹாங்கிலிருந்து கெராச்சுட் கடற்கரைக்கும், 1883இல் எழுப்பப்பட்ட முக்கா ஹெட் கலங்கரை விளக்கத்தின் பக்கமும் பயணிகளை ஏற்றிச் செல்லும் குடும்பத் தொழிலை அடுத்த தலைமுறைக்குக் கொடுக்க விரும்புபவர், சாவியைக் கொடுப்பதற்கு முன்பே, தமக்கு மட்டும் தெரிந்தவற்றைப் பிள்ளையின் கைக்கு மாற்றிவிட வேண்டும்.

முதலில் வானத்தைக் கற்றுக்கொடுங்கள். ஏப்ரல் முதல் நவம்பர் வரை, பெரும்பாலும் விடியலுக்கு முன்போ காலையிலோ, ‘சுமத்ரா’ எனப்படும் சூறைக்காற்று மலாக்கா நீரிணையைக் கடந்து மேற்கிலிருந்து விரைந்து வரும். அத்திசையில் கருமேகம் வரிசைகட்டி நிற்கக் கண்டால், எத்தனை பேர் காத்திருந்தாலும் கயிற்றை அவிழ்க்கக் கூடாது. இதை வாயால் சொன்னால் போதாது. ஓராண்டு முழுவதும் பிள்ளையை அருகில் அமர்த்தி, “இன்று போகலாமா?” என்ற கேள்விக்கு அவரையே முதலில் பதில் சொல்லவையுங்கள். பயணிகள் முகம் சுளித்தாலும் மறுத்துச் சொல்லும் துணிவே இத்தொழிலின் உயிர் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

உப்புநீரில் ஓடிய, படகின் பின்புறம் மாட்டப்படும் அவுட்போர்டு எஞ்சினை ஒவ்வொரு மாலையும் நன்னீர் பாய்ச்சிக் கழுவுவதும், அரிப்பைத் தன்மேல் வாங்கிக்கொள்ளும் துத்தநாகக் கட்டி பாதி கரைந்ததும் அதை மாற்றுவதும் பிள்ளையின் பொறுப்பாகட்டும்.

படகு உரிமம், காப்பீடு, வணிகப் பதிவு ஆகியவை யார் பெயரில் உள்ளன என்பதைத் தாளில் எழுதி, பெரியவர் நலமாக இருக்கும்போதே, கடல்துறை அலுவலகத்துக்கும் வணிகப் பதிவைக் கவனிக்கும் எஸ்எஸ்எம் (மலேசிய நிறுவன ஆணையம்) அலுவலகத்துக்கும் இருவரும் சேர்ந்தே சென்று மாற்றத்துக்கான வழியைக் கேட்டறியுங்கள்.