பதினெட்டுக்கும் இருபத்தாறுக்கும் நடுவே: அமெரிக்க டிராஃப்ட் பதிவைப் பற்றி மக்களுக்கு எடுத்துச் சொல்வது எப்படி

கட்டாய இராணுவ அழைப்பு (டிராஃப்ட்) என்றாவது வந்தால் அழைப்பதற்காக, இளைஞர்களின் பெயர்களை அமெரிக்க அரசு முன்கூட்டியே பதிந்துவைப்பதே செலக்டிவ் சர்வீஸ் பதிவு. அதைப் பற்றி ஊராருக்கு எடுத்துச் சொல்ல முன்வருபவர், துண்டறிக்கை அச்சடிப்பதற்கு முன் ஒரு கேள்விக்கு விடை கண்டாக வேண்டும். நாம் யாரைத் தேடிப் போகிறோம்? பள்ளி இறுதியாண்டில் படித்து, பதினெட்டு வயதையொட்டி ஓட்டுநர் உரிமம் எடுத்த இளைஞனுக்கு நம் உதவி பெரும்பாலும் தேவைப்படாது. பெரும்பான்மையான மாநிலங்களில் உரிம விண்ணப்பத்தின் வழியாகவே அவன் பெயர் போய்ச் சேர்ந்திருக்கும். படிப்பைப் பாதியில் விட்டவன், பத்தொன்பது வயதில் கிரீன் கார்டுடன் வந்து இறங்கியவன், சிறையிலிருந்து வெளிவந்தவன், உரிமமே எடுக்காதவன் ஆகியோர்தாம் வலையின் ஓட்டை வழியே நழுவுகிறவர்கள். கூட்டம் சேரும் இடத்தில் மேசை போட்டு, ஏற்கெனவே பதிவானவர்களுக்கு நூறு துண்டறிக்கை கொடுப்பதைவிட, இவர்களில் ஐந்து பேரைக் கண்டுபிடிப்பது மேலான வேலை.

முதலில் செய்தியைச் சரிபார்க்க வேண்டும்

அமெரிக்காவில் 1973-க்குப் பின் யாரும் கட்டாயமாக இராணுவத்துக்கு அழைக்கப்படவில்லை. 1975-இல் அதிபர் ஃபோர்டு பதிவையும் நிறுத்திவைத்தார். சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்ததைத் தொடர்ந்து, 1980-இல் அதிபர் கார்ட்டர் அதனை மீண்டும் தொடங்கிவைத்தார். இன்றிருப்பது அந்த 1980-ஆம் ஆண்டின் பதிவுதான். 1960 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்த ஆண்களுக்கு அது பொருந்தும். பதினெட்டு வயது நிறைந்த 30 நாட்களுக்குள் பதிந்துகொள்ள வேண்டும். தாமதமானாலும் இருபத்தாறாவது பிறந்தநாள் வரை ஏற்றுக்கொள்வார்கள். அந்த நாள் வந்துவிட்டால் கதவு மூடிவிடும். பெண்களுக்கு இக்கடமை இல்லை என்பதை உச்ச நீதிமன்றம் 1981-இல் ராஸ்ட்கர் எதிர் கோல்ட்பர்க் வழக்கில் ஏற்றுக்கொண்டது. பதியாதவருக்கு 2,50,000 டாலர் வரை அபராதமும் ஐந்தாண்டு வரை சிறையும் விதிக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. ஆயினும் 1986-க்குப் பின் எவர்மீதும் இதற்காக வழக்குத் தொடரப்படவில்லை. இவ்விரண்டு உண்மைகளையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அபராதத் தொகையை மட்டும் பெரிய எழுத்தில் போட்டு அச்சுறுத்தும் சுவரொட்டியை, இளைஞர்கள் ஒருமுறை தேடிப் பார்த்தவுடனேயே புறந்தள்ளிவிடுவார்கள்.

பழைய துண்டறிக்கைகளை அப்படியே படியெடுப்பதால் வரும் தவறுகள் இரண்டு. முதலாவது, பதியாவிட்டால் மத்திய அரசின் கல்லூரி நிதியுதவி கிடைக்காது என்ற வரி. 1982 முதல் நெடுங்காலம் அது உண்மையாக இருந்தது. 2020 டிசம்பரில், ஃபாஃப்ஸா எனப்படும் அந்த நிதியுதவி விண்ணப்பத்தை எளிமையாக்கிய சட்டம் அந்தத் தொடர்பை நீக்கிவிட்டது. சில மாநிலங்கள் தங்கள் சொந்த நிதியுதவிக்கு இன்னும் பதிவைக் கேட்கின்றன என்பதால், உங்கள் மாநிலத்தின் விதியை மட்டும் எழுதுங்கள். மத்திய அரசு வேலை, மத்திய அரசின் நிதியில் நடக்கும் சில தொழிற்பயிற்சிகள், குடியுரிமை ஆகியவற்றோடு உள்ள தொடர்பு அப்படியே இருக்கிறது.

இரண்டாவது தவறு, இளைஞர் தாமே பதிய வேண்டும் என்று எப்போதைக்குமாக எழுதிவிடுவது; அது இனிமேல்தான் பெருகும். 2025 டிசம்பர் 18 அன்று கையெழுத்தான தேசியப் பாதுகாப்பு அனுமதிச் சட்டம், இளைஞர் தாமே பதியும் முறைக்குப் பதிலாக, அரசு தன்னிடமுள்ள தரவுகளைக் கொண்டு தானாகவே பதிந்துகொள்ளும் முறையைக் கொண்டுவந்திருக்கிறது. ஓராண்டு கழித்து அது நடைமுறைக்கு வர வேண்டும் என்பது ஏற்பாடு. எனவே ஒவ்வொரு துண்டறிக்கையின் அடியிலும் அச்சிட்ட மாதத்தையும் ஆண்டையும் போட்டுவிடுங்கள். ‘உடனே பதிவு செய்யுங்கள்’ என்பதைவிட, ‘உங்கள் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்’ என்ற வாசகம் இரண்டு முறைக்கும் பொருந்தும். தானியங்கி முறை வந்தபின் நம் வேலை முடிந்துவிடும் என்று நினைப்பதற்கில்லை. அரசுத் தரவில் பெயரே இல்லாதவர், முகவரி மாறியவர், பதியத் தேவையில்லாதபோதும் பதிவாகிவிட்டவர் எனப் பார்க்க வேண்டியவர்கள் அப்போதும் இருப்பார்கள்.

யார் பதிய வேண்டும் என்பதில் உள்ள சிக்கல்

மேசையில் உட்காருபவர் மனப்பாடமாக அறிந்திருக்க வேண்டிய பகுதி இது. குடிமக்களும், இரட்டைக் குடியுரிமை உடையவர்களும், கிரீன் கார்டு உள்ளவர்களும், அகதிகளும், தஞ்சம் பெற்றவர்களும், உரிய ஆவணமின்றி வாழ்பவர்களும் பதிய வேண்டும். எஃப்-1 மாணவர் விசா, எச்-1பி வேலை விசா, அதில் வருவோரின் குடும்பத்தாருக்கான எச்-4 போன்ற குடியேற்றமல்லாத விசாவில் இருப்பவர்கள், அந்த நிலை செல்லுபடியாகும் வரை பதிய வேண்டியதில்லை. ஆனால், எச்-4 விசாவில் பெற்றோருடன் வந்த பையனுக்கு இருபது வயதில் கிரீன் கார்டு கிடைத்தால், அன்றே அவனுக்குக் கடமை தொடங்கிவிடுகிறது. கிரீன் கார்டுக்கான ஐ-485 விண்ணப்பத்தின் வழியாகத் தானாகப் பதிவாகும் வாய்ப்பு உண்டு என்றாலும், பதிவானதா என்று அவனே பார்த்துக்கொள்ள வேண்டும். குடும்பம் முழுவதும் ஆண்டுக்கணக்காகக் காத்திருந்த அட்டை கைக்கு வந்த மகிழ்ச்சியில், வீட்டில் யாருக்கும் இது நினைவிருப்பதில்லை. ஆகவே குடியேறியவர்களின் சங்கங்களிலும் வழிபாட்டிடங்களிலும் பேசும்போது, மகனைப் பார்த்துப் பேசுவதைவிடத் தாயையும் தந்தையையும் பார்த்துப் பேசுவதே பலன் தரும். வீட்டின் காகிதங்களை வைத்திருப்பவர்கள் அவர்கள்தாம்.

இதன் மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். இருபத்தாறு வயது வரை மாணவர் விசாவிலோ வேலை விசாவிலோ இருந்து, பதியத் தேவையே இல்லாமல் போனவரிடமும் பின்னாளில் ‘ஏன் பதியவில்லை’ என்று கேட்பார்கள். அப்போது அவர் காட்ட வேண்டியது அந்த ஆண்டுகளின் ஐ-20 (மாணவர் தகுதிச் சான்று), ஐ-94 (நாட்டுக்குள் வந்ததற்கான பதிவு), விசாப் பக்கம் ஆகியவற்றின் படிகள். விசா காலாவதியாகி ஒரு சில மாதங்கள் இடைவெளி விழுந்திருந்தால் கணக்கு மாறக்கூடும். பழைய கோப்புகளைத் தூக்கி எறியாதீர்கள் என்ற ஒரு வரியைத் துண்டறிக்கையில் சேர்த்துவிடுங்கள்.

வீட்டுக்கு ஒரே மகன் என்றால் விலக்கு உண்டு என்பது நெடுங்காலமாக உலவும் தவறான நம்பிக்கை; ஒரே மகனும் பதியத்தான் வேண்டும். உடற்குறைபாடு இருந்தாலும், வீட்டைவிட்டு வெளியே சென்றுவரக் கூடியவர் பதிய வேண்டும். சிறையிலோ மருத்துவமனையிலோ தொடர்ந்து இருந்தவருக்கு வெளிவந்த 30 நாட்களுக்குள் என்பது விதி. போரில் ஆயுதம் ஏந்துவதை மனச்சாட்சிப்படி மறுப்பவரும் பதிய வேண்டும். மறுப்பைத் தெரிவிக்கப் படிவத்தில் இடமில்லை. கட்டாய அழைப்பு என்றாவது திரும்ப வந்தால்தான் அந்தக் கோரிக்கையை வைக்க முடியும்.

மேசையை எப்படி அமைப்பது

செலக்டிவ் சர்வீஸ் ஒரு தனி மத்திய நிறுவனம். பாதுகாப்புத் துறையின் கிளை அன்று. உங்கள் மேசையும் அவ்வாறே தோற்றமளிக்க வேண்டும். அருகில் இராணுவ ஆள்சேர்ப்பு அலுவலரின் மேசை இருந்தால், தள்ளி வேறிடம் கேளுங்கள். சீருடையோ, பீரங்கிப் படமோ, படைப்பிரிவுச் சின்னமோ வேண்டாம். ‘விரைவு, எளிது, சட்டமும் கூட’ என்ற பொருள்படும் பழைய அரசு விளம்பர வாசகம் உண்டு. சுருக்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் ஒரு தாயின் முதல் அச்சத்துக்கு அதில் பதிலில்லை. நான் எழுதினால் இப்படி எழுதுவேன்: ‘வயது 18 முதல் 25 வரையா? உங்கள் பெயர் செலக்டிவ் சர்வீஸ் பதிவில் இருக்கிறதா என்று பாருங்கள். இது இராணுவத்தில் சேர்வதன்று. கட்டணம் கிடையாது. 26 வயதுக்குப் பின் பதிய முடியாது.’ இதற்கு மேல் ஒரு வரியும் முகப்பில் வேண்டாம். மற்றவை பின்பக்கத்துக்குப் போகட்டும்.

பதிவுக்குப் பெயர், பிறந்த தேதி, முகவரி, சோஷியல் செக்யூரிட்டி எண் (அரசு தரும் ஒன்பது இலக்க அடையாள எண்) ஆகியவை கேட்கப்படும். சில நிமிடங்களில் முடிந்துவிடும். உதவும் ஆர்வத்தில் ஒரு பேரேட்டை விரித்து வைத்து, வருபவர்களின் எண்களை எழுதி வாங்குவது பெருந்தவறு. ஒரு நூலகத்தில் அப்படி ஒரு தாளை நானே பார்த்திருக்கிறேன்: பதினோரு இளைஞர்களின் ஒன்பது இலக்க எண்கள் பேனாவில் வரிசையாக எழுதப்பட்டு, காப்பிக் கோப்பை ஒன்றின் கீழ் கிடந்தன, மேசைக்காரர் கழிவறைக்குப் போயிருந்தார். அவரவர் கைப்பேசியில் அவரவரே தட்டச்சு செய்யட்டும். நீங்கள் எதிர்ப்புறம் நின்று, இணைய முகவரி அரசுத் தளங்களுக்குரிய ‘டாட் கவ்’ என்று முடிகிறதா என்பதை மட்டும் சரிபார்த்துக் கொடுங்கள். பதிவுக்குப் பணம் கேட்கும் தளம் எதுவாயினும் அது போலி. எண் இல்லாதவர்களும் இணையத்தை விரும்பாதவர்களும் தபால் வழிப் படிவத்தைப் பயன்படுத்தலாம்.

பதினேழு வயதும் மூன்று மாதமும் ஆனவர்கள் முன்கூட்டியே விவரங்களைக் கொடுத்து வைக்க முடியும் என்பதால், பள்ளி இறுதியாண்டு வகுப்புகளுக்குச் செல்வதில் பொருளிருக்கிறது. பல பள்ளிகளில் இதற்கெனப் பொறுப்பேற்ற ஊழியர் ஒருவர் இருப்பார்; முதலில் அவரைக் கேட்டுக்கொண்டு செல்லுங்கள். வானொலி, உள்ளூர்ப் பத்திரிகை, சமூக ஊடகம் ஆகியவற்றில் அறிவிப்பு வெளியிடுவது நல்லதுதான். எனினும் நழுவுகிறவர்கள் அதனால் அகப்படுவது குறைவு. வயதுவந்தோர் ஆங்கில வகுப்பு, உயர்நிலைப் பள்ளிக்கு இணையான தேர்வுக்குத் தயார் செய்யும் மையம், விடுதலையானோருக்கான மறுவாழ்வு அலுவலகம், வேலைவாய்ப்பு மையம் ஆகியவையே நாம் போக வேண்டிய இடங்கள்.

பெயர்ப் பட்டியல் கிடைத்தால் அதற்கெல்லாம் கடிதம் அனுப்பும் ஆசை எழும். 1980-களில் செலக்டிவ் சர்வீஸே இதில் சிக்கிக்கொண்டது. ஓர் ஐஸ்கிரீம் கடைத் தொடரின் பிறந்தநாள் சலுகைப் பட்டியலைக் கொண்டு அது நினைவூட்டல் அனுப்ப, சிறுவர்கள் இலவச ஐஸ்கிரீமுக்காகப் புனைந்த ஒரு பெயருக்கும் ‘பதிவு செய்க’ என்று கடிதம் போய்ச் சேர்ந்தது. நகைப்புக்கு இடமானது ஒருபுறம் இருக்க, வேறு நோக்கத்துக்காகக் கொடுத்த விவரத்தை அரசு எடுத்துக்கொண்டது என்ற கோபமும் எழுந்தது. சங்க உறுப்பினர் பட்டியலையோ வழிபாட்டிடத்தின் நன்கொடையாளர் பட்டியலையோ ஒருபோதும் இதற்குப் பயன்படுத்தாதீர்கள்.

அச்சத்தோடு கேட்பவர்களுக்கு

‘கையெழுத்துப் போட்டால் போருக்கு அழைத்துப் போய்விடுவார்களா?’ என்பதே பெரும்பாலானோர் முதலில் கேட்கும் கேள்வி. கட்டாய அழைப்பைத் திரும்பக் கொண்டுவர வேண்டுமானால் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, அதிபரும் ஒப்ப வேண்டும். அதன் பின்னரே குலுக்கல். அந்த ஆண்டில் இருபது வயது நிறைபவர்களே முதலில் அழைக்கப்படுவார்கள். அப்போதும் உடற்தகுதி, ஒத்திவைப்பு, விலக்கு ஆகியவற்றுக்கு வழியுண்டு என்று படிப்படியாகச் சொல்லுங்கள். ‘ஒன்றும் நடக்காது’ என்று உறுதி கொடுப்பது உங்கள் வேலை அன்று. 2020 ஜனவரியில் ஈரானியத் தளபதி சுலைமானி கொல்லப்பட்டவுடன், ‘நீங்கள் டிராஃப்ட் செய்யப்பட்டுவிட்டீர்கள்’ என்ற போலிக் குறுஞ்செய்திகள் கைப்பேசிகளில் பரவின. செலக்டிவ் சர்வீஸ் இணையதளம் கூட்ட நெரிசல் தாங்காமல் முடங்கியது. அவை போலி என்று இராணுவம் மறுப்பு வெளியிட வேண்டியதாயிற்று. இத்தகைய நாட்களில்தான் மேசைக்கு வருகை அதிகமாக இருக்கும். அன்று பேசும் பேச்சு மற்ற நாட்களைவிட நிதானமாக இருக்க வேண்டும்.

விவரங்கள் எங்கே போகின்றன என்று கேட்டால் மறைக்காதீர்கள். ஆள்சேர்ப்புக்காகப் பெயரும் முகவரியும் பாதுகாப்புத் துறைக்குப் போகின்றன. சேர்க்கை விளம்பரங்கள் வீட்டுக்கு வரலாம். அவற்றைக் கிழித்துப் போட்டுவிட உரிமையுண்டு. குடியேற்ற நிலை என்ன என்று படிவம் கேட்பதில்லை. ஆவணமில்லாதவர் தயங்கினால் வற்புறுத்தாமல், குடியேற்ற வழக்கறிஞரிடமோ இலவசச் சட்ட உதவி மையத்திடமோ அனுப்பி வையுங்கள்.

இருபத்தாறைத் தாண்டியவர் வந்தால்

மேசைக்கு வருபவர்களில் மிகவும் கலங்கியிருப்பவர் இவர்தான். குடியுரிமைக்கான என்-400 படிவத்தை நிரப்பும்போது, பதினெட்டுக்கும் இருபத்தாறுக்கும் இடையில் அமெரிக்காவில் இருந்தீர்களா, பதிந்தீர்களா என்ற கேள்வியில் வந்து நிற்பார். ‘என்னிடம் யாரும் சொல்லவே இல்லையே’ என்பார். பெரும்பாலும் அது உண்மையாகவே இருக்கும். இனி அவர் பதிய முடியாது. ஆனால், தெரிந்தே வேண்டுமென்று பதியாமல் இருக்கவில்லை என்று காட்ட முடிந்தால், அதற்காகவே உரிமைகளை மறுக்கக்கூடாது என்று சட்டம் சொல்கிறது. அவர் செய்ய வேண்டியது, செலக்டிவ் சர்வீஸிடம் ஸ்டேட்டஸ் இன்ஃபர்மேஷன் லெட்டர் என்னும் பதிவு நிலைக் கடிதம் கேட்டு விண்ணப்பிப்பதும், அந்த ஆண்டுகளில் எங்கே வாழ்ந்தார், எப்போது நாட்டுக்குள் வந்தார், ஏன் தெரியவில்லை என்பதைத் தன் சொற்களில் எழுதி வைப்பதுமாகும். அந்தக் கடிதம் பதிய வேண்டியிருந்ததா இல்லையா என்பதை மட்டும் சொல்லும்; மன்னிப்பதோ தண்டிப்பதோ அதன் வேலை இல்லை. வேலையானாலும் குடியுரிமையானாலும் முடிவெடுப்பது அந்தந்த அலுவலகம். முப்பத்தொன்றைக் கடந்தவருக்குக் குடியுரிமை விண்ணப்பத்தில் இது பொதுவாகத் தடையாவதில்லை. ஐந்தாண்டு நன்னடத்தைக் காலம், பதிந்திருக்க வேண்டிய வயதைத் தாண்டிவிட்டிருக்கும். இருபத்தாறுக்கும் முப்பத்தொன்றுக்கும் இடைப்பட்டவரை வழக்கறிஞரிடம் அனுப்பாமல் விடாதீர்கள்.

மேசையைச் சுருட்டிய பிறகும் ஒரு வேலை மீதமிருக்கிறது. பதிந்தவருக்குத் தபாலில் ஒப்புகை அட்டை வரும். வராவிட்டால், கடைசிப் பெயர், சோஷியல் செக்யூரிட்டி எண், பிறந்த தேதி ஆகியவற்றை இட்டு இணையத்தில் தாமே தேடிப் பார்க்கலாம். வீடு மாறினால் பத்து நாட்களுக்குள் புதிய முகவரியைத் தெரிவிக்க வேண்டும். மூன்று மாதம் கழித்து அதே இடத்துக்கு மீண்டும் செல்லுங்கள். முதல் முறை வந்தவர்களிடம் ‘அட்டை வந்ததா?’ என்று கேளுங்கள். வரவில்லை என்று சொல்பவர் ஒருவராவது இருப்பார்; அவருடைய முகவரியில் அடுக்ககத்தின் வீட்டு எண் விடுபட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.