அயர்லாந்து குரூப் டூர்: முதல் மூன்று நாட்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பயணத் திட்டத்தில் பெல்ஃபாஸ்ட் நகரம், ஜயன்ட்ஸ் காஸ்வே என்ற கடலோரக் கல்தூண் பகுதி என்று இருந்தால் விமான டிக்கெட்டுக்கு முன்பே விசாவைப் பாருங்கள். இரண்டுமே வட அயர்லாந்தில், அதாவது பிரிட்டனுக்குள் இருக்கின்றன. சாலையில் சோதனைச் சாவடி கிடையாது, பஸ் நிற்காமல் போய்விடும். அதனால் பிரிட்டனுக்கான விசா வேண்டாம் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். சட்டப்படி வேண்டும்.

இந்தியாவிலிருந்து விண்ணப்பிக்கும் இந்தியர்களுக்கு ஒரே விசாவில் இரு நாட்டுக்கும் போகும் பி.ஐ.வி.எஸ். (BIVS, பிரிட்டிஷ்-ஐரிஷ் விசா திட்டம்) உண்டு. ஐரிஷ் விசாவில் BIVS என்ற எழுத்துகள் அச்சாகியிருக்க வேண்டும். முதலில் அயர்லாந்தில்தான் இறங்க வேண்டும். இலங்கைப் பாஸ்போர்ட்டுக்கு இந்த வசதி இல்லை, இரண்டு விசாவும் தனித்தனியே எடுக்க வேண்டும். மலேசிய, சிங்கப்பூர் பாஸ்போர்ட்டுக்கு அயர்லாந்து விசா தேவையில்லை. ஆனால் வட அயர்லாந்துக்குள் போக, 2025 ஜனவரி முதல், பிரிட்டனின் இ.டி.ஏ. (ETA) என்ற மின்னணுப் பயண அனுமதி வேண்டும். பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவை வைத்துக்கொண்டு அயர்லாந்துக்குள் நுழைய முடியாது.

ஹோட்டல் பதிவு, திரும்பும் டிக்கெட், காப்பீடு ஆகியவற்றின் நகல்களை டூர் மேனேஜரிடம் மொத்தமாகக் கொடுத்துவிடாதீர்கள். டப்ளின் விமான நிலையத்தில் குடிநுழைவு அதிகாரி ஒவ்வொருவரையும் தனியாகத்தான் கேட்பார்.

அடுத்தது சாப்பாட்டு மூட்டை. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் பயணிகள் இறைச்சியும் பால் பொருட்களும் கொண்டுபோகத் தடை. பால்கோவா, நெய், பனீர், கறி ஊறுகாய் எல்லாம் இதில் அடங்கும். கறிவேப்பிலைக்கும் மாம்பழத்துக்கும் தாவர நலச் சான்றிதழ் கேட்பார்கள். நெய் சேர்க்காத பருப்புப்பொடியோடு நிறுத்திக்கொள்ளலாம். அறையில் குக்கர் வைக்கும் ஆசையும் வேண்டாம். ஆவியில் தீ எச்சரிக்கை மணி அடித்தால் ஹோட்டலே வாசலுக்கு வந்து நிற்கும். நம்மூர் உருண்டை முனை பிளக் அங்கே பொருந்தாது. பிரிட்டனில் உள்ளதுபோல மூன்று பட்டைமுனை அடாப்டர் வாங்குங்கள்.

காலை விமானத்தில் இறங்கினாலும் அறை பெரும்பாலும் பிற்பகல் 2 அல்லது 3 மணிக்குத்தான் கிடைக்கும். அந்த இடைவெளியை நிரப்ப நீண்ட பஸ் பயணம் போடுவது கெட்ட யோசனை. பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள். பெட்டிகளை ஹோட்டலில் வைத்துவிட்டு நகருக்குள் நடக்கலாம். கில்டேர் தெருவில் உள்ள தொல்லியல் அருங்காட்சியகத்துக்குக் கட்டணம் இல்லை. ஆனால் ஞாயிறு, திங்களில் பிற்பகல் 1 மணிக்குத்தான் திறக்கும். இப்போது அருங்காட்சியகமாக உள்ள பழைய கில்மைனம் சிறைக்கு வழிகாட்டியோடு மட்டுமே போக முடியும். டிக்கெட் 28 நாள் முன்பாக ஆன்லைனில் வெளியாகி விரைவில் தீர்ந்துவிடும். வாசலில் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்த குழு வெளிச்சுவரைப் படமெடுத்துத் திரும்ப வேண்டியதுதான்.

குழுவையே பாதிக்கிற தவறு, டிரைவரின் நேரத்தைக் கணக்கில் எடுக்காதது. ஐரோப்பிய விதிப்படி நாலரை மணி நேரம் ஓட்டியபின் 45 நிமிட இடைவேளை கட்டாயம். ஒரு நாளில் ஓட்டுவது பொதுவாக 9 மணி நேரம்தான். ஒரு நாள் வேலைக்கும் மறுநாள் வேலைக்கும் நடுவே பொதுவாக 11 மணி நேர ஓய்வு வேண்டும். வாரத்தில் சில நாள் மட்டும் அதை 9 ஆகக் குறைக்கலாம். எல்லாம் வண்டியிலுள்ள டாகோகிராஃப் கருவியில் பதிவாகும், பேசிச் சரிக்கட்ட முடியாது. டப்ளினிலிருந்து மேற்குக் கடற்கரையிலுள்ள மோஹர் பாறைமுகட்டுக்குப் போகவே மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். நான்கு நிறுத்தங்களில் தலா 20 நிமிடம் தாமதித்தால் 80 நிமிடம் போச்சு. டிரைவர் இரவு 9 மணிக்கு வேலை முடித்தால் மறுநாள் காலை 8 மணிக்குத்தான் வண்டி புறப்படும். அன்றைய முதல் இடம் வெட்டுப்படும்.

மோஹரில் குடை விரிக்காதீர்கள். 214 மீட்டர் உயரத்துக்கு எழும் அந்த முகட்டில் கடற்காற்று குடையைத் திருப்பிவிடும், ஆளையும் தடுமாறச் செய்யும். தொப்பி வைத்த மழைக்கோட்டு போதும், ஜூலையிலும்.

சைவர்கள் கவனிக்க: காலை உணவில் வரும் பிளாக் புட்டிங் பன்றி இரத்தத்தில் செய்தது. உருளைக்கிழங்கு சூப்பில்கூட கோழிச் சாறு இருக்கலாம், கேட்டுவிட்டே வாங்குங்கள். ஜூனில் இரவு 10 மணி வரை வெளிச்சம் இருக்கும். அதை நம்பித் தாமதித்தால், பல பப்களில் 9 மணிக்கே சமையலறை மூடிவிடும்.