ஆஷ்ஃபோர்ட் காசில்: ரூம் போடாமலே சுத்திப் பாக்குறது எப்படி, ஸ்டெப் பை ஸ்டெப்

அயர்லாந்தோட மேற்குப் பக்கம் மேயோ கவுண்டில காங்னு ஒரு குட்டி கிராமம், அதை ஒட்டி காரிப் ஏரிக்கரைல நிக்குறதுதான் ஆஷ்ஃபோர்ட் காசில். 1228ல டி பர்கோங்குற நார்மன் குடும்பம் ஆரம்பிச்சது, 1852ல பெஞ்சமின் லீ கின்னஸ் வாங்குனாரு (ஆமா, அதே பீர் குடும்பம்தான், ரெகார்ட் புக்கும் அந்தக் கம்பெனி ஆரம்பிச்சு வச்சதுதான்), 1939ல ஹோட்டலாச்சு. இப்ப 83 ரூம், சுத்தி 350 ஏக்கர். வாடகையப் பாத்துட்டே நெறைய பேர் இந்த இடத்தையே லிஸ்ட்லேருந்து தூக்கிடுறாங்க, அது வேணாம், பகல்ல போயிட்டு சாயங்காலம் திரும்புறவங்களுக்கும் இங்க ஏகப்பட்டது இருக்கு.

ஸ்டெப் 1: விசா

இந்திய பாஸ்போர்ட்டா இருந்தா இதை மொதல்ல பாருங்க. ஷெங்கன் விசா (ஐரோப்பாவுல பல நாட்டுக்கும் சேத்துக் குடுக்குற ஒரே விசா) அயர்லாந்துக்கு செல்லாது, யூரோ நோட்டு ஓடுதேன்னு நம்பி டிக்கெட் போட்டுடாதீங்க. தனியா ஐரிஷ் விசாவுக்கு ஆன்லைன்ல அப்ளை பண்ணணும். லண்டனும் சேத்துப் போறதா இருந்தா இன்னொரு வழி இருக்கு, உங்க யூகே விசிட் விசாவுல பி.ஐ.வி.எஸ். (BIVS, பிரிட்டிஷ்-ஐரிஷ் விசா திட்டம்)னு குறிப்பு இருந்தா அதை வச்சே அயர்லாந்துக்கும் போலாம், ஆனா மொதல்ல யூகேல இறங்கி இமிக்ரேஷன் முடிச்சிருக்கணும்.

ஸ்டெப் 2: போய்ச் சேர்றது

டப்ளின்லேருந்து கார்ல மூணு மணி நேரம் கிட்ட ஆகும். நம்ம ஊர் மாதிரியே இடது பக்கம் ஓட்டுற நாடு, அதனால பயம் வேணாம், ஆனா காங் கிட்ட வரும்போது ரோடு ஒடுங்கிடும், ரெண்டு பக்கமும் கல் சுவர், எதிர்ல டிராக்டர் வந்தா பொறுமையா ஒதுங்கணும். வாடகை கார்ல ஆட்டோமேட்டிக் வேணும்னா முன்னாடியே கேட்டு வாங்கிடுங்க, அங்க கியர் வண்டிதான் ஜாஸ்தி. கார் வேணாம்னா டப்ளின் ஹூஸ்டன் ஸ்டேஷன்ல ரயில் ஏறி கால்வே வந்து தங்கிடுங்க, அங்கேருந்து காங் ஒரு மணி நேரத் தொலைவுதான்.

ஸ்டெப் 3: எதை முன்பதிவு பண்றது

இதுலதான் மூளையப் போடணும். எஸ்டேட்டுக்குள்ள நுழைய வெளியாளுங்களுக்கு டிக்கெட் உண்டு, அதுல தோட்டம், காடு, ஏரிக்கரை எல்லாம் நடக்கலாம், ஆனா ஹோட்டல் கட்டடத்துக்குள்ள போய் வேடிக்கை பாக்க விடமாட்டாங்க. மதியான டீ, சாப்பாடு இதுக்கெல்லாம் தங்காதவங்களுக்கு டேபிள் கிடைக்குமான்னு முன்னாடியே கேட்டுக்கோங்க, சைவம்னா அப்பவே சொல்லிடுங்க, போய் உக்காந்துட்டு சொன்னா பிரெட்டும் ஜாமும்தான் மிஞ்சும். ராத்திரி ஜார்ஜ் தி ஃபிஃப்த் டைனிங் ரூம்ல சாப்பிடுற ஐடியா இருந்தா நல்ல டிரெஸ் எடுத்து வைங்க, ஜீன்ஸ் எடுபடாது.

காசு செலவு பண்ண ஒரே ஒரு விஷயம்தான் முடியும்னா என் ஓட்டு பருந்துக்குத்தான். எஸ்டேட்டுக்குள்ளயே ஃபால்கன்ரி (வேட்டைப் பறவைங்களைப் பழக்குற கலை) ஸ்கூல் ஒண்ணு 1999லேருந்து நடக்குது. கைல தடியான தோல் கிளவுஸ் மாட்டி விடுவாங்க, ஹாரிஸ் ஹாக்குங்குற பறவை மரத்துக்கு மரம் தாவி நம்ம கூடவே வரும், கைய நீட்டுனா கறித்துண்டுக்காக வந்து உக்காரும். ரூம் போடாதவங்களும் போலாம், ஆனா சீக்கிரமே இடம் தீந்துடும்.

ஸ்டெப் 4: உள்ள எப்படி சுத்துறது

பாலத்துக்கிட்ட நின்னு மொத்தக் கோட்டையையும் பாத்துட்டு ஆரம்பிங்க, போட்டோவுக்கும் அதுதான் சரியான இடம். எல்லாமே 800 வருஷப் பழசுன்னு நினைச்சுடாதீங்க, கண்ணுக்குத் தெரியுற கோபுரங்கள்ல நெறைய கின்னஸ் குடும்பம் 19ம் நூற்றாண்டுல சேத்தது. அப்புறம் ஏரிக்கரைக்கு இறங்குனா படகு கிளம்புற துறை, இஞ்சகாயில் தீவுக்குப் போய்ட்டு வரலாம், அங்க பழைய சர்ச் இடிபாடுங்க இருக்கு. வெயில் அடிச்சாலும் ரெயின் கோட்டு கைல இருக்கட்டும், குடை வேஸ்ட், காத்து திருப்பிப் போட்டுடும்.

ஸ்டெப் 5: காங் கிராமம்

இதை விட்டுட்டு வந்துடாதீங்க, நடக்குற தூரம்தான். பழைய மடத்தோட இடிபாடு இருக்கு, அதுக்குப் பக்கத்துல ஆத்து மேலயே துறவிங்க கட்டுன மீன்பிடி வீடு, தரைல ஓட்டை, உக்காந்த இடத்துலேருந்தே மீன் புடிச்சிருக்காங்க. சோம்பேறித்தனம்னு சொல்றதா புத்திசாலித்தனம்னு சொல்றதான்னு நீங்களே முடிவு பண்ணுங்க. ஊருக்குப் பக்கத்துல வறண்ட கால்வாயும் இருக்கு, பஞ்ச காலத்துல ரெண்டு ஏரிய இணைக்க வெட்டுனது, அடில சுண்ணாம்புக் கல், தண்ணியெல்லாம் உறிஞ்சிடுச்சு, கப்பலே ஓடல. ஹாலிவுட் நடிகர் ஜான் வெய்ன் நடிச்ச 'தி கொயட் மேன்' படத்தை 1951ல இங்கதான் எடுத்தாங்க, தெருவுல அவர் சிலையும் உண்டு.

கோடைல ராத்திரி பத்து மணி வரைக்கும் வெளிச்சம் இருக்கும், அதனால அவசரமே இல்லாம கால்வே திரும்பலாம். குளிர்காலம்னா நாலரைக்கே இருட்டிடும், அப்ப கிராமத்தைக் காலைல முடிச்சுட்டு கோட்டைக்குப் போங்க.